உப்புவெளியில் உண்ட அடைத்த மிளகாய்

திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரைப் பக்கமாகத் திறந்திருக்கும் சிறிய மெக்சிக்க உணவகம் ஒன்றுக்குக் கடந்த சனிக்கிழமை இரவு அம்மாவுடன் போயிருந்தேன். டாக்கோ எனக்குப் பழகிய உணவு என்பதால் அதை விட்டு, பட்டியலின் இறுதியில் இருந்த ‘சீலே ரெயேனோ’வைக் கேட்டேன். அடைத்த மிளகாய் என்பதே அப்பெயரின் பொருள். ஒரு தட்டில் இரண்டு மிளகாய்கள். விலை 2,200 ரூபாய்.

மெக்சிக்கோவில் இதற்குப் பெரும்பாலும் எடுக்கப்படுவது, புவெப்லா மாநிலத்தின் பெயரைக் கொண்ட பொப்லானோ மிளகாய். கரும்பச்சை நிறமும் தடித்த சதையும் உடைய அது, நமது பச்சைமிளகாயோடு ஒப்பிட்டால் உறைப்பே இல்லாதது என்று சொல்லலாம். அதை நேரடியாக நெருப்பில் சுட்டு, தோல் கருகிக் கொப்பளித்ததும் சிறிது நேரம் மூடிவைத்து, தன் ஆவியிலேயே தளர்ந்த தோலை உரித்து, ஒரு பக்கம் மட்டும் கீறி விதைகளை நீக்கிய பின்னரே பாற்கட்டியையோ கொத்திய இறைச்சியையோ உள்ளே வைப்பார்கள். பிறகு கோதுமை மாவில் புரட்டி, நுரைக்க அடித்த வெள்ளைக்கருவில் மஞ்சட்கருவை மெல்லக் கலந்து, அதில் தோய்த்துப் பொரித்து, நீர்த்த தக்காளிச் சாற்றுடன் பரிமாறுவார்கள். கடலைமாவில் தோய்த்த நமது மிளகாய் பஜ்ஜியின் மொறுமொறுப்பை இதில் எதிர்பார்க்கக் கூடாது. முட்டைப் போர்வை பஞ்சுபோல் இருந்து சாற்றை உறிஞ்சிக்கொள்வதுதான் இதன் இயல்பு.

இங்கே பொப்லானோவுக்குப் பதிலாகக் கறிமிளகாயைப் பயன்படுத்துவதாகப் பட்டியலிலேயே எழுதியிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் கறிமிளகாயின் சதை மெல்லியது. பொப்லானோவைச் சுடும் அளவுக்குச் சுட்டால் கிழிந்துவிடும். அதற்கு அஞ்சியே அரைகுறையாகச் சுட்டிருப்பார்கள் போலும், முதல் மிளகாயில் தோல் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “தோலை ஒழுங்கா உரிக்கேல்லைப் பிள்ளை, வாயில சவ்வு மாதிரி நிக்குது” என்றார் அம்மா. அவித்த மீனும் உருளைக்கிழங்கும் அடைத்துப் பொரித்த கறிமிளகாயைத் தேங்காய்ப்பாலில் இறக்கிச் சமைப்பவர் அவர்; தோலோடு செய்தாலும் பாலில் கொதித்து அது மென்மையாகிவிடும். இந்தச் சமையலில் அப்படிக் கொதிக்கும் கட்டம் இல்லாததால், சுடும்போது விட்ட குறையைப் பின்னர் சரிசெய்ய வழியில்லை.

முட்டைப் போர்வையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணெய் சரியான சூட்டில் இருந்திருக்க வேண்டும்: பொன்னிறமாக எழும்பி, எங்கும் பிரியாமல் மிளகாயைப் பற்றியிருந்தது, விரலில் எண்ணெயும் ஒட்டவில்லை. உள்ளே இருந்த பாற்கட்டி நூல்போல் இழுபட்டது. தக்காளிச் சாற்றில் உள்ளியும் வெங்காயமும் அளவாக இருந்தன. சீனி சேர்த்து இனிப்பாக்கும் தவறை அவர்கள் செய்யவில்லை. இறைச்சி அடைத்ததை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கொத்திய மாட்டிறைச்சியை வறளும்வரை வதக்கியிருந்தார்கள். மெக்சிக்கச் சமையலில் இதற்குச் சேர்க்கும் உலர்ந்த திராட்சையும் பாதாமும் அதில் இல்லை.

தோலைப் பற்றிப் பரிமாறிய தம்பியிடம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசாமல் குசினிக்குப் போய்ச் சமையற்காரரையே அழைத்து வந்தார். “அடுத்த தட்டுக்கு நேரம் எடுக்கும் அம்மா, இருப்பீங்களோ?” என்று கேட்டார் சமையற்காரர். இருபத்தைந்து நிமிடங்களின் பின் வந்த பாற்கட்டி மிளகாயில் தோல் இல்லை. ஓரிடத்தில் சதை கிழிந்து பாற்கட்டி சற்றே கசிந்திருந்தாலும், சுட்ட மிளகாயின் புகைமணம் முதற் கடியிலேயே தெரிந்தது. அங்கே போகிறவர்கள் பாற்கட்டி அடைத்ததைக் கேளுங்கள்; நன்றாகச் சுட்டு உரித்துத் தரும்படி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.