ஒற்றை மரத் தோப்பா, கலப்புத் தோப்பா? காவிரிப் படுகை மண்ணில் சருகின் பங்கு

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தபின், அவற்றில் பலவற்றில் தேக்கு, மகோகனி, மலைவேம்பு, சவுக்கு ஆகியவை இடம்பிடித்தன. எந்த மரம் எத்தனை ஆண்டில் என்ன விலைக்குப் போகும் என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். அது உதிர்க்கும் சருகு தன் காலடி மண்ணுக்கு என்ன செய்யும் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் மிகக் குறைவு.

முதலில் தனித் தேக்கு. தேக்கிலை மண்ணுக்குக் கெட்டது என்று சொல்வது நியாயமாகாது. சுண்ணாம்புச் சத்து அதில் நிறையவே உண்டு. பனிக்காலம் முடியும் தறுவாயில் மரம் மொத்தமாக இலையைக் கொட்டிவிடுவதும், கொட்டியதை அடுத்து வெயில் தொடங்கிவிடுவதும்தான் சிக்கல். ஈரமில்லாத நான்கைந்து மாதம் அந்த அகன்ற இலைகள் அப்பளம்போல் காய்ந்து கிடக்கின்றன. ஒரு தீக்குச்சி பட்டால் அத்தனை சத்தும் புகையாகவும் சாம்பலாகவும் போய்விடும். தீயில் போனாலும் கூட்டி அள்ளப்பட்டாலும், ஐப்பசி மழையில் நிலம் வெறுமையாக நிற்கிறது. தேக்கிலையில் சேர்ந்து திரண்டு சொட்டும் பெரிய துளிகள், வெட்டவெளியில் விழும் மழையைவிடக் கடுமையாக மண்ணைக் குத்தி மேல்மண்ணைக் கரைக்கின்றன.

கடற்கரை மணலில் சவுக்கின் கதை வேறு. நாம் ஊசியிலை என்று சொல்வது உண்மையில் கணுக்கணுவான பச்சைக் குச்சிதான். இலை அந்தக் கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தந்தாலும், துவர்ப்பும் நாரும் மிகுந்த சருகு மெத்தையாகக் குவிகிறதே தவிர எளிதில் மட்குவதில்லை. அடுப்பெரிக்க அதைக் கூட்டிச் செல்லும் வழக்கத்தால், ஏற்கெனவே சத்துக் குறைந்த மணல் மேலும் மெலிகிறது. தைலமரச் சருகைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை: அதன் எண்ணெய்ப் பசை மண்ணின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாமல் செய்துவிடும், மட்குவதும் மெதுவாகவே நடக்கும்.

இவற்றுக்கு எதிரே கலப்புத் தோப்பை வைத்துப் பார்ப்போம். சருகை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு, ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 24 பங்கு கரிமம் என்ற அளவில் உணவு அமைந்தால் போதும். தேக்கு, சவுக்குச் சருகுகளில் கரிமம் அதைவிட மிகுதி என்பதால், பற்றாக்குறையை ஈடுகட்ட அந்த நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன. பக்கத்தில் புங்கம், வாகை, கிளைரிசிடியா போன்ற பயறு வகை மரங்களின் தழை விழுந்தால் அந்தக் குறை அங்கேயே தீர்கிறது. தேக்கும் புங்கமும் சேர்ந்து நிற்கும் இடத்தில் மழைக்குப்பின் சருகை மெல்லப் புரட்டினால் இது கண்ணுக்கே தெரியும்: மேலே முழு இலை, அதன்கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய தேக்கிலை, பாதி கரைந்த புங்க இலையையும் அதையும் சேர்த்துத் தைத்ததுபோல் வெள்ளைப் பூஞ்சண இழைகள், அடியில் மண்புழு தள்ளிய குருணை மண். அந்த இழைகளின் வழியேயும் ஓரிலையின் தழைச்சத்து அடுத்த இலைக்குப் போகிறது. அகன்ற இலை மூடாக்காக நின்று ஈரத்தைக் காக்க, சிற்றிலை உணவாகிக் கரைகிறது.

ஆனாலும் கலந்தாலே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கலப்புச் சருகு குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான ஓர் அலசலில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கலவைகள் தனித்தனிச் சருகுகளின் சராசரியிலிருந்து மாறுபட்ட வேகத்தில் மட்கின. பெரும்பாலும் விரைவாக, சில வேளை தாமதமாகவும். துவர்ப்பு மிகுந்த இரண்டு சருகுகளைச் சேர்த்தால் மட்குவது மந்தப்படவும் கூடும். ஆகவே தேக்கு, மகோகனி, தைலம் என்று மூன்று மரத்தை நட்டுவிட்டுக் கலப்புத் தோப்பு என்று சொல்லிக்கொள்வதைவிட, மெல்ல மட்கும் ஒன்றையும் விரைவில் கரையும் ஒன்றையும் இணைப்பதே மேல். நடவு வயலில் புங்கந்தழையையும் பூவரசந்தழையையும் மிதித்த நம் ஊர்களுக்கு எந்தத் தழை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கலப்பிலும் தொல்லை உண்டு. தேக்குக்கு வெயில் வேண்டும்; வாகையை நெருக்கி வைத்தால் அது மேலே குடை பிடித்துவிடும். அதனால் வரப்போரத்தில் புங்கமும், தேக்கு வரிசைகளுக்கு நடுவே கவாத்து செய்து அடக்கி வைக்கக்கூடிய கிளைரிசிடியாவும் எனக்குச் சரியாகப் படுகின்றன. கிளைரிசிடியாவைப் புரட்டாசிக் கடைசியில் வெட்டித் தேக்குச் சருகின்மேல் பரப்பினால், அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழை அத்தனையும் மட்குவதற்குப் பயன்படும். மூன்று நான்கு ஆண்டில் வெட்டிவிடும் சவுக்குக்கு இவ்வளவு ஏற்பாடு கட்டுப்படியாகாது. அங்கே சருகை அள்ளாமல் விடுவதும், ஓரத்தில் புங்கம் வைப்பதும் போதும். தண்ணீர் தேங்கும் களிமண் பள்ளத்தில் தேக்கே தாங்காது; அங்கே மருதும் நாவலும் புங்கமும் சேர்ந்த கலப்புதான் பொருத்தம்.