கம்யூனிட்டி காலேஜ் பாராலீகல் படிப்பு: வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து

கோவையில் பி.காம். முடித்து, எச்-4 விசாவில் (எச்-1பி விசாக்காரரின் துணைக்கு உரியது) கலிஃபோர்னியாவுக்கு வந்து, வேலை செய்யும் அனுமதியையும் பெற்றுவிட்ட தோழி ஒருத்தி, "கம்யூனிட்டி காலேஜில் பாராலீகல் படித்தால் பணம் வீணாகிவிடாதே?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால், அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே பகிர்கிறேன். பாராலீகல் என்பவர் அட்டர்னியின், அதாவது வழக்கறிஞரின், மேற்பார்வையில் வழக்கு வேலை பார்ப்பவர், கட்சிக்காரருக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்பதெல்லாம் தெரிந்ததே என்று வைத்துக்கொள்கிறேன்.

பணம் வீணாகாது, வீணாகிற அளவுக்குப் பணமே செலவாவதில்லை. மாநிலத்தில் வசிப்பவராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுபவருக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகுக்கு) 46 டாலர்தான். 2012 கோடையிலிருந்து இந்தக் கட்டணம் ஏறவில்லை. 24 யூனிட் படித்தால் 1,104 டாலர், 60 யூனிட் எடுத்து அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டமே வாங்கினாலும் 2,760 டாலர். மாநிலத்துக்கு வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு இதைப்போலப் பல மடங்கு கேட்பார்கள் என்பதால், அந்த ஓராண்டு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. புத்தகம், பார்க்கிங், நம் ஊர்ப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வாங்கும் செலவு ஆகியவை தனி. மூன்றாண்டு பி.காமை முழு இளநிலைப் பட்டத்துக்கு இணையாக மதிப்பீடு செய்யும் சில நிறுவனங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் அறிக்கை செல்லும் என்பதைக் கல்லூரியிடம் கேட்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

அந்தச் சான்றிதழுக்குச் சட்டபூர்வமான மதிப்பும் உண்டு. கலிஃபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் தன்னைப் பாராலீகல் என்று அழைத்துக்கொள்ள முடியாது. வணிகம் மற்றும் தொழில்கள் சட்டத்தொகுப்பின் 6450ஆம் பிரிவு அதற்கான தகுதிகளை வரையறுக்கிறது. அமெரிக்க பார் அசோசியேஷன் (வழக்கறிஞர்கள் சங்கம்) அங்கீகரித்த படிப்பின் சான்றிதழோ, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் சட்டம் சார்ந்த பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் முடித்த சான்றிதழோ இருந்தால் போதும் என்கிறது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றே என்றாலும், வேலை விளம்பரங்களில் பார் அசோசியேஷன் அங்கீகாரத்துக்கே முன்னுரிமை என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு வகைக் கல்லூரிகளும் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கீகாரம் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும், கட்டணம் ஒன்றுதான்.

இனி, இத்தனை நாளாகியும் என் மனத்தில் ஆறாத எரிச்சலுக்கு வருகிறேன். நான் படித்த கல்லூரியில் ஒரு முழு செமஸ்டர் லீகல் மெமோ, அதாவது ஒரு சட்டப் பிரச்சினையை ஆராய்ந்து எழுதும் குறிப்பு, எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். வெஸ்ட்லா என்ற சட்டத் தரவுத்தளத்தில் தீர்ப்புகளைத் தேடி, மேற்கோள் முறை பிசகாமல், பிரச்சினை, விதி, பொருத்தம், முடிவு என்று பிரித்து எழுதிய மெமோக்களுக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை என்னிடம் எவரும் ஒரு மெமோ கேட்டதில்லை. அதை இளம் அட்டர்னிகள் எழுதிக்கொள்கிறார்கள். என்னிடம் கேட்பதெல்லாம் கெடுநாள் என்றைக்கு, ப்ரூஃப் ஆஃப் சர்வீஸ் (ஆவணத்தை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்ததற்கான சான்று) தயாரா, டிஸ்கவரிக்கு (வழக்குக்கான தகவல்களையும் ஆவணங்களையும் கேட்டு அனுப்புவதற்கு) எதிர்த்தரப்பு பதில் தர வேண்டிய முப்பது நாள் முடிந்துவிட்டதா என்பவைதான்.

கெடுநாள் கணக்கு என்பது விரல்விட்டு எண்ணிவிடும் வேலையன்று. பொதுவாக ஒரு மோஷனை, அதாவது நீதிபதியிடம் ஓர் உத்தரவு கேட்கும் மனுவை, விசாரணை நாளுக்குக் குறைந்தது 16 நீதிமன்ற வேலை நாட்களுக்கு முன்பே தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பித்திருக்க வேண்டும். விசாரணை நாளை விட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே தபாலில் அனுப்பினால் அதற்கு மேல் 5 காலண்டர் நாட்களும், மின்னணு வழியில் அனுப்பினால் இரண்டு நீதிமன்ற நாட்களும் சேர்த்துப் பின்னால் போக வேண்டும். இதில் விடுமுறைகளின் குளறுபடி வேறு: பிப்ரவரி 12 லிங்கன் பிறந்த நாளிலும், செப்டம்பரின் நான்காவது வெள்ளிக்கிழமையிலும் மாநில நீதிமன்றங்கள் மூடியிருக்கும், ஆனால் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கம்போல் நடக்கும், அக்டோபரின் கொலம்பஸ் தினத்தில் கூட்டாட்சி நீதிமன்றம் மூடியிருக்க, மாநில நீதிமன்றம் திறந்திருக்கும். ஒரு நாள் தவறினால் நீதிபதி மோஷனைக் கேட்கவே மறுக்கலாம்.

இவ்வளவு முக்கியமான வேலைக்குக் கல்லூரி ஒதுக்கிய நேரம், சிவில் லிட்டிகேஷன் (உரிமையியல் வழக்கு நடைமுறை) பாடத்தில் ஏறக்குறைய ஒரு மாலை வகுப்பு. நியாயமாகச் சொன்னால், அந்த ஒரு மாலைக்காகவே 46 டாலரைப் பல தடவை கொடுக்கலாம். பகலில் நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்த அந்த ஆசிரியர், வெற்றுக் காலண்டர் தாளை எங்கள் கையில் கொடுத்து, சிவப்புப் பேனாவால் விடுமுறைகளை அடிக்கச் சொல்லி, பின்னோக்கி எண்ண வைத்தார். இன்று அலுவலகத்தின் மென்பொருள் கெடுநாளைத் தானாகவே கணக்கிட்டுத் தந்தாலும், தாளில் ஒருமுறை எண்ணிப் பார்க்காமல் நான் அதை நம்புவதில்லை. மென்பொருள் காட்டிய தேதியில் பிழையைக் கண்டுபிடித்ததும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் இந்தத் தொழில் எனக்கு மிகவும் பிடித்துப்போகும்.

வருமானத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் மே 2023 கணக்குப்படி பாராலீகல்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 60,970 டாலர். அது நாடு முழுவதற்கும், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்துச் சொன்ன எண். சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த எண்ணைக் காட்டி ஆசை மூட்டுவது சரியில்லை, கல்லூரிக் கையேடுகள் அதைத்தான் செய்கின்றன. 2023 முதல் 2033 வரை இந்தத் தொழிலில் வேலைகள் 1 சதவீதமே கூடும் என்று அதே அமைப்பு கணித்திருந்தது. அதாவது, காலியாகும் இடங்கள் பெரும்பாலும் பிறர் விட்டுப்போகும் இடங்களே. அவற்றுக்கு இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்த இரண்டாண்டை எங்கே போய்ச் சம்பாதிப்பது என்று கேட்டால் இன்டர்ன்ஷிப்பைக் காட்டுகிறார்கள். எங்கள் கல்லூரியின் இன்டர்ன்ஷிப் பகல் நேரத்தில், ஊதியமில்லாமல் நடந்தது. வகுப்புகளோ பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையில் வைக்கப்பட்டிருந்தன. இதைத் திட்டமிட்டவர் யாராயினும், வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் நானும் ஒரு சிறிய அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலையில்தான் உள்ளே நுழைய முடிந்தது. அந்த வேலைக்குச் சான்றிதழே தேவையில்லை.

வேலை கிடைத்த பிறகும் படிப்பு விடுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை சட்ட நெறிமுறையில் 4 மணி நேரமும், பொதுச் சட்டத்திலோ தனித் துறையிலோ 4 மணி நேரமும் தொடர்கல்வி முடித்து, பதிவேட்டை நாமே வைத்திருக்க வேண்டும். இந்த வாரம் அந்தக் கெடு என் தலைக்கு மேல் நிற்கிறது. அலுவலகம் அதற்குப் பணமும் தருவதில்லை, நேரமும் தருவதில்லை. என் பதிலில் காரம் தூக்கலாக இருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

படிப்பு மலிவு, ஆசிரியர்கள் நல்லவர்கள், கற்றது இன்றும் கைகொடுக்கிறது என்று இவ்வளவும் எழுதிவிட்டு, தோழிக்கு நான் சொன்னது முழுச் சான்றிதழுக்கு இப்போது பதிவு செய்யாதே என்பதுதான். முதலில் ஏதாவது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில், தொலைபேசி எடுக்கும் வேலையாயினும் சரி, உள்ளே போய் உட்காரட்டும். அதுவரை சும்மா இருக்க மனமில்லையென்றால் அறிமுகப் பாடம் ஒன்றும் சிவில் லிட்டிகேஷனும், தலா 3 யூனிட், மொத்தம் 276 டாலர். மெமோ எழுதும் வகுப்பை, அலுவலகம் பணம் கட்டச் சம்மதிக்கும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.