எல்டர்பெரி சிரப்: ஃப்ளூ காலத்தில் வாங்கலாமா?

அக்டோபர் பிறந்தால் ரொறன்ரோ மருந்துக்கடைகளில் இருமல் மருந்துகளுக்குப் பக்கத்துத் தட்டு முழுவதையும் எல்டர்பெரி சிரப் போத்தல்கள் பிடித்துக்கொள்கின்றன. பிள்ளைகள் பள்ளியிலிருந்து தடிமனோடு திரும்பும் பருவத்தில், நம்மவர் வீடுகளிலும் கொத்தமல்லி அவித்த தண்ணீருக்குப் பக்கத்தில் இந்தப் போத்தல் இடம்பிடித்துவிட்டது. மருந்துக்கடைச் சங்கிலி ஒன்று தன் சொந்தப் பெயரில் விற்கும் சிரப்பை வாங்கிப் பயன்படுத்தியதோடு, அதன் உறையில் உள்ள வாசகங்களுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். வாங்கலாமா என்று பலர் கேட்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஐரோப்பாவின் வேலியோரங்களில் தானாக வளரும் சாம்புக்கஸ் நைக்ரா என்ற செடியின் சிறு கனிகளைக் காய்ச்சி எடுத்த சாறுதான் இது. கரண்டியில் ஊற்றினால் நடுவில் கறுப்பாகவும் விளிம்பில் செவ்வூதாவாகவும் தெரிகிறது. நாவற்பழச் சாற்றில் சீனிப்பாகைக் கலந்தது போன்ற சுவை, விழுங்கிய பின் நாக்கில் மெல்லிய துவர்ப்பு. இருமல் மருந்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள்கூட இதை மறுப்பதில்லை. அளவு மூடியில் 5, 10, 15 மி.லீ. கோடுகள் தெளிவாக உள்ளன. பிசுபிசுப்பு மூடியின் புரிகளில் படிந்து இறுகிவிடுவதால் ஒவ்வொரு முறையும் துடைத்து மூட வேண்டியிருக்கிறது.

உறையில் கனடாவின் இயற்கை நலப் பொருள்களுக்குரிய எட்டு இலக்க உரிம எண் இருக்கிறது. அந்த எண்ணைக் கண்டதும் ஃப்ளூவைக் குணமாக்கும் என்று அரசே உறுதி அளித்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதே உறையில் “மூலிகை மருத்துவத்தில் பாரம்பரியமாகப் பயன்படுத்தப்படுவது” என்ற சிற்றெழுத்து வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பரம்பரைப் பயன்பாட்டை ஆதாரமாகக் கொண்டும் இத்தகைய உரிமம் வழங்கப்படுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தோன்றியது வேறு. எத்தனை மில்லிகிராம் கனிச்சாறு என்று எழுதியிருக்கும் உறை, அந்தச் சாற்றில் ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமி எவ்வளவு என்பதைச் சொல்லவே இல்லை. வைரசைத் தடுப்பதாகச் சொல்லப்படுவது அந்த ஊதா நிறமிகளும் அவற்றின் உறவான ஃபிளாவனாய்டுகளும்தான் என்னும்போது, அந்த அளவு தெரியாமல் இரண்டு போத்தல்களை ஒப்பிட்டு வாங்க வழியே இல்லை.

வைரசைத் தடுக்கும் என்ற பேச்சு வெறுங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் மேற்பரப்பில் உள்ள ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்தால் நம் மூச்சுக்குழாய்ச் செல்களில் உள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே பெருகிய புதிய வைரசுகள் வெளியேறும்போது, நியூராமினிடேஸ் என்ற மற்றொரு புரதம் அந்தப் பிடியை அறுத்து அவற்றை விடுவிக்கிறது. 2019இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களின் மீது எல்டர்பெரிச் சாற்றைத் தொற்றுக்கு முன்பும், தொற்றின்போதும், பின்பும் இட்டுப் பார்த்தபோது, நுழைவை அது ஓரளவே தடுத்ததையும், தொற்று ஏற்பட்ட பின்னர் வைரஸ் பெருகுவதை அதைவிட நன்றாகக் கட்டுப்படுத்தியதையும் கண்டார்கள். ஆனால் கண்ணாடித் தட்டில் செல்லின் மீது சாறு நேரடியாகப் படுகிறது. நாம் குடிக்கும் சிரப் வயிற்றையும் குடலையும் ஈரலையும் கடந்தே மூச்சுக்குழாயை எட்ட வேண்டும். ஆந்தோசயனின்களில் மிகச் சிறு பங்கே உருமாறாமல் இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே தட்டில் கண்டது உடலிலும் நடக்கிறதா என்பதை மனிதர்களிடம் சோதித்தால்தான் அறிய முடியும்.

அப்படிச் சோதித்தும் இருக்கிறார்கள். 1999-2000 குளிர்காலத்தில் நோர்வேயில் ஃப்ளூ அறிகுறி கண்ட 60 பேருக்கு, 15 மி.லீ. வீதம் நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாள்கள் எல்டர்பெரி சிரப்பையோ மருந்தற்ற போலிச் சிரப்பையோ கொடுத்தார்கள். எல்டர்பெரி குடித்தவர்கள் சராசரியாக நான்கு நாள்கள் முன்னதாகவே தேறினார்கள் என்று 2004இல் முடிவு வெளியானது. விளம்பரங்கள் இன்றுவரை நம்பியிருக்கும் எண் இந்த நான்கு நாள்கள்தான். 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

விளம்பரங்களில் காணக் கிடைக்காதது 2020இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு. சோதனையில் ஃப்ளூ என்று உறுதியான, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன 87 பேரை வைத்து, யாருக்கு எது தரப்படுகிறது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி அதை நடத்தினார்கள். எல்டர்பெரி எடுத்தவர்கள் தேறச் சராசரியாக 5.3 நாள்களும் போலிச் சிரப் எடுத்தவர்கள் 4.9 நாள்களும் ஆயின. அதாவது பயன் எதுவும் தென்படவில்லை. எல்டர்பெரியால் பலன் உண்டு என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வில் கிடைத்த முடிவு என்பதால், நான் இதற்கே அதிக எடை தருகிறேன்.

உணவில் உள்ள வேறு தாவரச் சேர்மங்களின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பச்சைத் தேநீரின் கேட்டெக்கின்களும் செல் வளர்ப்பில் ஃப்ளூ வைரசைத் தடுத்தன. ஜப்பானின் ஷிசுஓகாவில் முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள் 197 பேர் பங்கேற்ற ஆய்வில், கேட்டெக்கினும் தேயிலையின் அமினோ அமிலமான தியனினும் சேர்ந்த குளிகை எடுத்தவர்களிடையே ஃப்ளூ குறைந்தது. அதே பகுதியில் 757 உயர்நிலைப்பள்ளி மாணவர்களைப் பச்சைத் தேநீராலும் வெறும் தண்ணீராலும் வாய் கொப்பளிக்கச் செய்த ஆய்விலோ, சொல்லத்தக்க வேறுபாடு வரவில்லை. நம் பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஃப்ளூவுக்குத் தரப்படும் ஒசெல்டாமிவிர் மருந்துக்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம் அதிலிருந்து எடுக்கப்படுவது உண்மை. ஆனால் வேதியியல் கூடத்தில் பல படிகளைக் கடந்து உருவாகும் மருந்துதான் நியூராமினிடேஸை முடக்குகிறது. அன்னாசிப்பூ அவித்த தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, காய்ச்சித் தயாரித்த கடைச் சிரப்பைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. இலையும் தண்டும் காயும் வேறு விஷயம்: அவற்றில் சயனைடை வெளிவிடும் சேர்மங்கள் உண்டு. 1983இல் கலிஃபோர்னியாவில் இலையோடும் கிளையோடும் நசுக்கிக் காய்ச்சாமல் குடித்த எல்டர்பெரிச் சாற்றால் எட்டுப் பேரை ஹெலிகொப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. வீட்டிலேயே தயாரிக்க விரும்புவோர் இதை மறக்கக் கூடாது. தேன் சேர்த்த வகைகளை ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் நாளுக்கு நான்கு முறை உள்ளே போகும் சீனியைக் கணக்கில் எடுக்க வேண்டும். நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஆக, தொண்டைக்கு இதமான, சுவையான பானமாக இதற்கு ஐந்தில் மூன்று தருவேன். ஃப்ளூ மருந்தாக ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. இந்தச் சிரப்பை நம்பி வீட்டில் முதியவரையோ கர்ப்பிணியையோ இளம் குழந்தையையோ காய்ச்சலோடு படுக்க வைத்திருப்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது, ஏனெனில் ஒசெல்டாமிவிர் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதோடு ஒன்ராறியோவில் ஃப்ளூத் தடுப்பூசி 2000ஆம் ஆண்டிலிருந்தே எல்லோருக்கும் இலவசம்; சிரப் விற்கும் அதே மருந்துக்கடையில், பணம் செலுத்தும் இடத்துக்குச் சில அடி தள்ளி, மருந்தாளரே அதைப் போட்டுவிடுகிறார். அதைப் போட்டுக்கொண்ட பிறகும் சிரப் வேண்டும் என்றால், ஆந்தோசயனின் அளவை உறையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாகப் பார்த்து, சிறிய போத்தலாக வாங்குங்கள்.