பெரியம்மாவின் மருந்துத் தாள்: முதியோர் இல்லத்தில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திய அனுபவம்

முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பார்க்கின்சன் (உடல் அசைவைப் பாதிக்கும் நரம்பு நோய்), பிபி, தைராய்டு மூன்றும் உண்டு. அவருடைய மருந்து விவகாரங்களைச் சில ஆண்டுகளாக நான்தான் கவனிக்கிறேன். பில் பாக்ஸ், போன் ஆப், வாட்ஸ்அப் குழு எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. நாங்களே நிரப்பிய பில் பாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்க இல்லத்தில் மறுத்துவிட்டார்கள். எந்த மாத்திரை எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும், அதனால் அதில் நியாயம் இருக்கிறது. ஆப் என் போனில் மட்டும் மணி அடித்தது. கடைசியில் நிலைத்தது ஒரு ஏ4 தாள்.

அந்தத் தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் அதன் மூலப்பெயர் (பிராண்டு பெயர் இல்லை), அளவு, கொடுக்க வேண்டிய மணி, எதற்காக, எப்போது ஆரம்பித்தது, யார் எழுதிக் கொடுத்தார் என்ற விவரங்கள் இருக்கும். ஒரு பிரதி பெரியம்மாவின் ஃபைலில், ஒன்று என்னிடம். ஏதாவது மாறினால் தேதி போட்டுப் புதுத் தாள் வைத்து, பழையதைக் கிழித்துவிடுவேன்.

இதில் அதிகம் உழைத்தது மணி எழுதிய கட்டம்தான். இல்லங்களில் காலை, மதியம், இரவு என்று வண்டி தள்ளிக்கொண்டு வரிசையாக மருந்து கொடுத்துக்கொண்டே போவார்கள். பெரும்பாலான மாத்திரைகளுக்கு அது போதும். பார்க்கின்சனுக்கான லெவோடோபாவுக்குப் போதாது. அது ரத்தத்தில் அதிக நேரம் தங்காது. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பெரியம்மாவால் நாற்காலியிலிருந்து எழ முடியாது, விழுங்கவும் சிரமப்படுவார். அதைப் பார்த்து 'அடம் பிடிக்கிறாங்க' என்று சொன்ன ஊழியர்களும் உண்டு. புரதம் உள்ள சாப்பாட்டோடு கொடுத்தாலும் அது உடலில் சரியாகச் சேராது. அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கச் சொல்வார்கள்.

இதை நான் எத்தனை முறை வாயால் சொல்லியும் பலனில்லை. நரம்பியல் டாக்டரிடம் கேட்டு, மருந்துச் சீட்டிலேயே மணியை எழுத வைத்த பிறகுதான் மாறியது. உறவினர் சொன்னால் கேட்டுத் தலையாட்டுவார்கள், டாக்டர் எழுதினால் பதிவேட்டில் ஏற்றுவார்கள். தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் காலையில் ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்ததும் இப்படித்தான் சரியானது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது கால்சியம் ராத்திரிக்குப் போய்விட்டது.

'எதற்காக' என்ற கட்டம் வெறும் சம்பிரதாயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியம்மாவுக்குக் கால் வீங்கியதற்காக, சிறுநீரை அதிகமாக்கி நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு கொடுத்தார்கள். அதனால் ராத்திரி அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது, ஒருமுறை விழுந்தும் விட்டார். தாளில் 'கால் வீக்கம்' என்று எழுதி, ஆரம்பித்த தேதியையும் போட்டேன். பிபிக்கு அம்லோடிபின் தொடங்கிய தேதி அதற்கு மேல் வரிசையிலேயே இருந்தது. இல்லத்துக்கு வரும் டாக்டர் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, அம்லோடிபினுக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவுதான் என்று சொல்லி அதை மாற்றினார். வீக்கம் வடிந்தது, ஃபுரோசமைடும் நின்றது. அப்புறம் படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிபி பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் இருப்பவர்களுக்கு இது சகஜம், விழுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

தாளின் உச்சியில் சிவப்பு மையில் ஒரு பெட்டி இருக்கிறது, 'இவை கொடுக்கக் கூடாது' என்று. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், கலவரப்படுபவர்களை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் மூன்றும் டோபமைனை (அசைவுக்குத் தேவையான மூளை ரசாயனம்) தடுப்பவை, பார்க்கின்சனை மோசமாக்கும். நடுராத்திரியில் யாரோ ஒரு டாக்டர் வந்து பார்க்கும்போது பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்பதும் அதே பெட்டியில்தான். விழுங்க முடியவில்லை என்றால் பொடிப்பதற்கு முன் பார்மசிஸ்டைக் கேட்க வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று ஒருமுறை டைஃபென்ஹைட்ரமின் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அலர்ஜி மாத்திரைதானே என்று விட்டுவிடத் தோன்றும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைத் தொகுக்கும் பீர்ஸ் பட்டியலில் அதுவும் இருக்கிறது, குழப்பம் உண்டாக்கும் என்பதால். 1991-ல் தொடங்கிய அந்தப் பட்டியலை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வருகிறது, 2023-லும் ஒரு பதிப்பு வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. 'இது பீர்ஸ் பட்டியல்ல இருக்கே சிஸ்டர், டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?' என்றேன். அத்தோடு முடிந்தது.

இன்னொரு விஷயம், பெரியம்மா தெளிவாகப் பேசுகிறவர். அவருடைய மருந்தைப் பற்றி என்னிடம் பேச அவரே எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் டாக்டர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். எந்த மாற்றத்தையும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் போவேன். சில நேரம் 'வேண்டாம், இப்படியே இருக்கட்டும்' என்பார். அப்போது அப்படியே விட்டுவிடுவேன்.

குறைகளும் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் நாள்தான் பெரிய தலைவலி. அங்கிருந்து வரும் பட்டியல் முழுக்க பிராண்டு பெயராக இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு தடவை ஏறியதும் நடந்திருக்கிறது. அன்றைக்கே பார்மசிஸ்டோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வார இறுதியில் வரும் தற்காலிக ஊழியர்கள் தாளைப் பார்ப்பதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதிய லெவோடோபா இன்னும் தாமதமாகத்தான் போகிறது. இப்போதைக்குப் பெரியம்மா கையில் அதிரும் வாட்ச் ஒன்று கட்டியிருக்கிறார், அது அதிர்ந்ததும் அவரே மணியடித்து சிஸ்டரைக் கூப்பிடுகிறார். ஞாயிறுகளில் அந்த வேளைக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.