தட்டினால் பாடும் கணினி: சவுண்டு கார்டா, யூஎஸ்பி அடாப்டரா?

என் டெஸ்க்டாப்புக்குப் பதினோரு வயது. போன மழைக்காலத்தில் பாட்டின் நடுவே சத்தம் நின்றுபோக ஆரம்பித்தது. பெட்டியை ஒரு தட்டு தட்டினால் திரும்ப வரும். சரி, டிரைவர் (ஒலிப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கோளாறோ என்று, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். அதிலும் அதே கதை. அப்படியென்றால் கோளாறு இணைப்பில்தான்.

செலவு செய்யும் முன் ஒன்று: முன்பக்க ஹெட்போன் ஜாக்குக்குள் குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதன் தகடு தளர்ந்தால், ஹெட்போன் செருகியிருப்பதாக நினைத்துக் கணினி பின்பக்க ஸ்பீக்கரை ஊமையாக்கிவிடும். மதர்போர்டிலிருந்து (கணினியின் முதன்மைப் பலகை) அந்த ஜாக்குக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும். எனக்குப் பாதிதான் தீர்ந்தது. பின்பக்க ஜாக்கும் ஆட்டம் கண்டிருந்தது.

ஜாக்கை மாற்றிப் பற்றவைக்கலாம். ஆனால் மதர்போர்டையே வெளியே எடுக்கவேண்டும். பல அடுக்குப் பலகை என்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், வீட்டிலுள்ள 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு அடங்காது. அதை விட்டுவிட்டேன்.

மீதி இரண்டு வழிதான்: பெட்டிக்குள் செருகும் சவுண்டு கார்டு, வெளியே யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ஒலி அடாப்டர். சவுண்டு கார்டில் ஒலி அருமை. 5.1 ஸ்பீக்கர் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) வைத்திருப்பவர்களுக்கு அதுவே சரி. சாதாரண யூஎஸ்பி அடாப்டரில் இடது, வலது என இரண்டு சேனல்தான். ஆனால் டிரைவரை யோசியுங்கள். பிசிஐ என்ற பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டுகள் பலவற்றுக்கு விண்டோஸ் 10 டிரைவரே வரவில்லை. அந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. நம் பழைய பெட்டிகள் பெரும்பாலும் 11-க்குத் தகுதி பெறாது, லினக்ஸ் பக்கம்தான் போகவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிரைவர் தேடி அலைவது யார்?

யூஎஸ்பி அடாப்டரில் அந்தத் தொல்லை இல்லை. யூஎஸ்பி ஒலிக்கென்றே ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் அடாப்டரை விண்டோஸும் லினக்ஸும் செருகியவுடன் அடையாளம் கண்டுகொள்ளும். நாளைக்கு மதர்போர்டே போனாலும் பிடுங்கி அடுத்த கணினியில் செருகலாம். பிசிஐ கார்டுக்கு இன்றைய போர்டுகளில் ஸ்லாட் கிடைப்பதே அபூர்வம். சில நூறு ரூபாய்ப் பொருளுக்கு இது போதாதா?

நான் அடாப்டரைத்தான் வாங்கினேன். அதில் குறையும் உண்டு. முன்பக்க போர்ட்டில் செருகியபோது லேசாக இரைந்தது. பின்பக்கம் மாற்றியதும் அடங்கியது. மைக்கை வீடியோ அழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தினேன், அதனால் பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு என் பேச்சு செல்லாது.

ஐந்து மாதமாகச் சத்தம் நிற்கவில்லை. கழற்றிய முன்பக்க ஒயர் இன்னும் பெட்டிக்குள் அப்படியேதான் தொங்குகிறது.