கெண்ட், யிர்கசெஃபே: டிகாக்‌ஷனுக்கு எது?

சென்னையில் பழைய இரகக் காபிக்கொட்டையைத் தேடி வாங்குவோர் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இரண்டு தேர்வுகள் உண்டு: கர்நாடக மலைத் தோட்டங்களின் கெண்ட், எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே. கெண்ட் 1911 அளவில் மைசூர்ப் பகுதித் தோட்டமொன்றில் தெரிந்தெடுக்கப்பட்ட அராபிகா காபி இரகம். இலைத்துரு நோயைச் சில காலம் தாங்கி, பின்னர் புதிய துரு வகைகளுக்குப் பணிந்து அரிதாகிவிட்டாலும், இன்று பரவலாகப் பயிராகும் எஸ்.795 என்ற இரகம் இதன் வழித்தோன்றலே. மரநிழலில் விளையும் கெண்ட் கொட்டை, புளிப்புக் குறைந்து திடமாக இறங்குவதால் பாலுடன் நன்கு இணைகிறது.

யிர்கசெஃபே தனியொரு இரகமன்று; அப்பெயர் கொண்ட பகுதியின் பல்வேறு உள்ளூர் இரகங்கள் கலந்த விளைச்சல். ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிரில் பழம் மெல்லப் பழுப்பதால் கொட்டை இறுகி, மல்லிகை மணமும் எலுமிச்சைப் புளிப்பும் துலங்குகின்றன. பால் சேர்த்தால் அந்த நுண்மணம் மங்கிவிடும். சிக்கரி கலப்பதோ அதற்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

எனவே பித்தளை ஃபில்டருக்குக் கெண்டையும், பாலின்றி அருந்துவோருக்கு இளவறுப்பு யிர்கசெஃபேயையும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.