மின்சாரமும் இணையமும் தனித்தனியே போகும் ஊரில் எந்த ஸ்மார்ட் விளக்கு?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் செயலியால் இயங்கும் விளக்குகளை வாங்க நினைப்பவர், பெட்டியில் போட்டிருக்கும் வண்ணங்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன், மழைக்காலத்தில் தம் வீட்டில் மின்சாரமும் இணையமும் எப்படிப் போய் வருகின்றன என்று யோசிப்பது நல்லது. மரம் சாய்ந்தால் மின்கம்பி அறுகிறது, மண் சரிந்தால் இணையக் கேபிள் போகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. நேரடி வைஃபை பல்பு, ஹப் எனும் நடுவண் பெட்டியோடு ஜிக்பீ என்ற தனி வானலை முறையில் பேசும் ஜிக்பீ பல்பு, சுவர் ஸ்விட்சுக்குப் பின்னால் பொருத்தும் ரிலே மாட்யூல் (செயலிக்கும் கட்டுப்படும் சிறு மின் ஸ்விட்ச்) ஆகிய மூன்றையும் இந்தக் கணக்கிலேயே எடை போட வேண்டும்.

வைஃபை பல்பின் கவர்ச்சி அதன் எளிமை. பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும், வேறு கருவி எதுவும் வேண்டாம். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசுபவை. ரவுட்டர் முன்னறையில் இருந்து, நடுவில் பழைய பங்களாக்களின் தடித்த கருங்கல் சுவர் இரண்டு நின்றால், பின்கட்டு பல்பு அடிக்கடி தொடர்பை இழக்கும். மலிவான பல்புகள் பலவும் தயாரிப்பாளரின் சர்வர் வழியாகவே கட்டளை பெறுவதால், இணையம் போன அன்று அவை சாதாரண பல்புகள்தான்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. இத்தகைய பல்புகளில் பலவற்றை முதலில் செயலியோடு இணைப்பதற்கு, ஸ்விட்சைச் சில முறை வேகமாகப் போட்டு அணைக்கச் சொல்வார்கள். காற்றடிக்கும் இரவில் மின்சாரம் விட்டு விட்டு வரும்போது, யாரோ ஸ்விட்சைத் தட்டுவதாகவே பல்பு எடுத்துக்கொள்கிறது. பழைய இணைப்பை மறந்துவிட்டு, புதிதாக இணைக்கச் சொல்லிப் படுக்கையறையில் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டத் தொடங்குகிறது. அதையும் கடந்து நள்ளிரவில் மின்சாரம் நிலையாகத் திரும்பினால், முழு வெளிச்சத்தில் எரிந்து தூங்குபவரை எழுப்பும். மின்சாரம் திரும்பும்போது முந்தைய நிலையிலேயே இருக்கச் செய்யும் வசதி செயலியில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஜிக்பீ பல்புகள் (2012இல் வந்த பிலிப்ஸ் ஹியூ இவ்வகையில் பலரும் அறிந்தது) ஹப்புக்குத் தனிச் செலவு வைக்கும். பதிலுக்கு, ஒவ்வொரு பல்பும் அடுத்த பல்புக்குச் செய்தியைக் கடத்துவதால், கருங்கல் சுவரைச் சுற்றிக்கொண்டாவது கட்டளை போய்ச் சேர்கிறது. ஹப்பும் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருந்தால், இணையம் இல்லாத நாளிலும் வீட்டுக்குள் செயலி வேலை செய்யும். இதன் பலவீனம் மனிதர்தான். வீட்டுப் பெரியவர் பழக்கத்தில் நடைவழி ஸ்விட்சை அணைத்துவிட்டால், அந்தப் பல்பு மட்டுமல்லாமல், அதன் வழியாகச் செய்தி பெற்றுவந்த பின்னறைப் பல்பும் சில நேரம் செயலிக்கு எட்டாமல் போகும். ‘ஸ்விட்சைத் தொடாதீங்க’ என்று மாமியாரிடம் சொல்லி வாழ்வது எத்தனை நாளைக்கு?

அந்தச் சங்கடம் மாட்யூலில் இல்லை. ஸ்விட்சும் செயலியும் ஒரே விளக்கை ஆள்கின்றன. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்விட்ச் ஸ்விட்சாகவே இருக்கிறது. பல்பு போனால் கடையில் கிடைக்கும் எந்த 9 வாட் எல்இடியையும் மாட்டலாம். நிறம் மாற்ற முடியாது என்பது உண்மைதான். சமையலறைக்கு ஊதா வெளிச்சம் எதற்கு என்பது என் கட்சி. தடை வேறிடத்தில் இருக்கிறது. மாட்யூலுக்குப் பொதுவாக நியூட்ரல் வயர், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி, தேவை. ஐந்து துளை சாக்கெட் உள்ள போர்டில் அது இருக்கும். பழைய வீடுகளில் விளக்குக்கு மட்டுமான சிறு போர்டில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாட்யூல்களும் உண்டு, ஆனால் குறைந்த வாட் எல்இடி அவற்றில் அணைத்த பிறகும் மங்கலாக எரியவோ துடிக்கவோ கூடும். எனவே முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், மாட்யூல் உள்ளே அடங்குமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மின்கட்டணம் மூன்றிலும் பெரிய விஷயமில்லை. காத்திருக்கும் நிலையில் ஒரு பல்பு அரை வாட் எடுப்பதாக வைத்தாலும், பத்துப் பல்புகளுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 7 யூனிட்தான்.

சொந்த வீடென்றால் கூடத்துக்கும் சமையலறைக்கும் மாட்யூல், வெளிச்சத்தைக் குறைத்துப் படிக்க விரும்பும் அறைகளுக்கு மட்டும் ஜிக்பீ என்பது என் தேர்வு. வாடகை வீட்டில் போர்டைத் திறக்க முடியாதென்பதால் வைஃபை பல்பே போதும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். காட்டெருமை வந்து நிற்கும் வாசலுக்கு மாட்யூலைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். சூரியன் மறையும் நேரத்தில் தானே எரியும்படி செயலியில் அமைக்கலாம்தான். ஆனால் மஞ்சு இறங்கும் நாளில் நான்கு மணிக்கே வாசல் இருண்டுவிடும், செயலியின் நாட்காட்டிக்கு அது தெரியாது. அப்போது எழுந்து போய் ஸ்விட்சைப் போடத்தான் வேண்டும்.